இடது பட்டனைப் பற்றி எழுதாதே

விளம்பரக் கம்பெனியில் பல வருடம் குப்பை கொட்டியவன் நான். பொய்யில் எத்தனை ரகம் உண்டோ அத்தனையும் எழுதிக் கொடுத்துச் சம்பளம் வாங்கியிருக்கிறேன். அப்பேர்ப்பட்ட எனக்கே, அன்று காலை அண்ணி நீட்டிய அந்த ஒரு பக்கத்தைப் படித்ததும் கையைக் கழுவ வேண்டும்போல் இருந்தது.

அண்ணி என்றால் என் அண்ணனின் மனைவி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களைப் பிடிக்கும் வேலையில் இருந்தவர். ஒருநாள் அவர் பிடித்த கிளெய்ம் அவருடைய மேலதிகாரியுடையதாக இருந்துவிட்டது. அதன்பிறகு அங்கே குப்பை கொட்ட முடியுமா? சைக்கிள் கடை மாடியில் இரண்டு அறை பிடித்து, துப்பறியும் நிறுவனம் என்று போர்டு மாட்டிவிட்டார். விளம்பரக் கம்பெனி என்னைக் கழற்றிவிட்ட பிறகு நானும் அங்கே ஒட்டிக்கொண்டேன். கார் ஓட்டுவதும் திட்டு வாங்குவதும் என் பொறுப்பு.

எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தவர் ஒரு மெக்கானிக். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை வெளுத்துத் தேய்த்துக் கொடுக்கும் பெரிய சலவை நிலையத்தில் மெஷின்களைப் பார்த்துக்கொள்பவர். அங்கே நீராவி இஸ்திரி மெஷினில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் கை அதன் சூடான மேல்தட்டுக்கு அடியில் மாட்டி வெந்துவிட்டது. அந்தப் பெண் இவருடைய மனைவியின் சொந்தத் தங்கை. முந்தைய நாள் அதே மெஷினைப் பழுது பார்த்தவரும் இவர்தான். காற்று வால்வை இவர் சரியாக மாட்டாததால் மேல்தட்டு தானாக இறங்கிவிட்டது என்று அந்தப் பெண் கையெழுத்துப் போட்டு வாக்குமூலம் கொடுத்திருக்கிறாள். அந்த வாக்குமூலத்தின் நகல்தான் என் கையில் இருந்தது.

மறுநாள் விசாரணை. குற்றம் என்று முடிவானால் வேலை போவதோடு போலீஸ் கேஸும் வரும். மனைவி அவரை வீட்டுக்குள்ளேயே சேர்க்கவில்லையாம். சிநேகிதர் ஒருவரின் ஒர்க்ஷாப்பில் டயர்களுக்கு நடுவே படுத்துக்கொள்கிறாராம். சட்டையைப் பார்த்தாலே தெரிந்தது.

“வேலை போனா போகட்டும் மேடம்,” என்றார். “அந்தப் பொண்ணு கையை நான் பொசுக்கலன்னு என் வீட்டுக்காரி நம்பினாப் போதும்.”

வால்வு இல்லையென்றால் வேறு எதனால் தட்டு இறங்கியிருக்கும் என்று அண்ணி கேட்டார். அதுவரை வால்வின் ஒவ்வொரு திருகையும் பெயர் சொல்லி விளக்கிக்கொண்டிருந்த மனிதர் தன் செருப்பைப் பார்த்தார். தெரியவில்லை என்றார். அண்ணி அதற்குமேல் துருவவில்லை. சாயங்காலத்துக்குள் கூப்பிடுகிறேன் என்று அனுப்பிவைத்தார்.

அவர் படியிறங்கியதும் வாக்குமூலத்தை இன்னொரு முறை படித்தேன். மெக்கானிக் அவர்களின் கவனக்குறைவே இவ்விபத்தின் முழுமுதற் காரணம் என்பதை மிகுந்த மனவேதனையுடன் பதிவு செய்வதாக அது ஆரம்பித்தது. இயந்திரத்தின் இடது பட்டன் வழக்கம்போல் இயங்கியதாகவும், அதில் எவ்விதப் பொருளும் செருகப்படவில்லை எனவும் சொன்னது. கடைசியில் திடீரென்று மனம் இளகி, மெக்கானிக் அடிப்படையில் நல்ல மனிதர், சாப்பாட்டுத் தட்டின் முன் உட்காருவதற்கு முன்பு ஸ்பேனரைத் துடைத்துத் துணியில் சுற்றி அலமாரியில் வைப்பவர் என்று சான்றிதழும் கொடுத்தது. எங்கேயும் ஒரு பிசிறு இல்லை. கை வெந்து கிடக்கிற மனுஷி இப்படியா பேசுவாள்? சோப்பு போட்டுக் குளிப்பாட்டிப் பவுடர் பூசிய பொய் என்று தோன்றியது.

“ஏ.ஐ. எழுதினது அண்ணி. நாத்தம் குப்புன்னு அடிக்குது.”

“அது எனக்கும் தெரியுது. யாரு கேட்டாங்க, என்னன்னு கேட்டாங்க? பதில் நம்ம கையில இருக்கு. கேள்வியைக் கண்டுபிடி.”

அவர் விரல் இடது பட்டன் என்ற வரியில் நின்றது. குற்றச்சாட்டு வால்வைப் பற்றியது. பட்டனைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. அப்படியிருக்க அதில் எதுவும் செருகப்படவில்லை என்று எதற்காக வலியப் போய்ச் சொல்ல வேண்டும்? வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக, சர்க்கரை டப்பாவை நான் தொடவே இல்லை என்று சொல்லும் குழந்தையின் உதட்டைத்தானே முதலில் பார்ப்போம்?

காரில் போகும்போது சிக்னலில் நிற்கும் நேரமெல்லாம் என் போனில் சோதித்துப் பார்த்தேன். இஸ்திரி மெஷின் விபத்து, வால்வு கோளாறு, வாக்குமூலம் வேண்டும் என்று கேட்டேன். எத்தனை முறை கேட்டும் பட்டன் என்ற சொல்லே வரவில்லை. பிறகு, இடது பட்டனில் ஒரு பொருள் செருகியிருந்தது, அதைப் பற்றி எழுதாதே என்று சேர்த்துக் கேட்டேன். சில முறை சொன்னபடி கேட்டது. ஒரு முறை மட்டும், இடது பட்டனில் எந்தக் கோளாறும் இல்லை என்று மரியாதையாக எழுதி நீட்டியது. அதன் காதில் போட்டதை அதனால் முழுசாக விழுங்க முடியவில்லை.

“பின்னால் ஹாரன் அடிக்கிறான், வண்டியை எடு,” என்றார் அண்ணி. பாராட்டு அவ்வளவுதான்.

சலவை நிலையத்தின் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டேன். ரத்தமும் மருந்தும் படிந்த விரிப்புகள் ஒரு பக்கம் மலையாகக் குவிந்திருந்தன. அதன்மேல் பிளீச்சிங் பவுடர் நெடி. இந்தச் சூட்டிலும் நாற்றத்திலும் பெண்கள் வரிசையாக நின்று மூச்சுவிட நேரமில்லாமல் விரிப்புகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மேனேஜர் மட்டும் நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடித் தடுப்புக்குள் ஏ.சி. போட்டுக்கொண்டு, டீயில் பிஸ்கட்டை முக்கி முக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் இன்ஷூரன்ஸ் விஷயமாக வந்திருப்பதாக அண்ணி சொன்னார். பழைய தொழில் என்பதால் அது பாதிப் பொய்தான். மேனேஜர் பிஸ்கட்டை வாயில் வைத்துக்கொண்டே, அந்தப் பெண்ணின் தோல் எப்படி உரிந்து தட்டோடு ஒட்டிக்கொண்டது என்று விவரித்தார். விவரித்துவிட்டு இன்னொரு பிஸ்கட் எடுத்தார். எனக்கும் ஒன்றை நீட்டினார். அதை வாங்கி எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு அறிவிப்பு தொங்கியது. அதன் முதல் வரி: நிச்சயமாக, நீங்கள் கேட்ட பாதுகாப்பு அறிவிப்பு இதோ. கடைசி வரி: இங்கே உங்கள் நிறுவனத்தின் பெயரைச் சேர்க்கவும். அப்படியே பிரிண்ட் எடுத்து, லேமினேஷன் செய்து, நாலு மூலையிலும் ஆணி அடித்திருந்தார்கள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, சார் ஏ.ஐ. எல்லாம் பிரமாதமாகப் பயன்படுத்துகிறாரே என்று வியந்தேன்.

மனிதர் பூரித்துப் போனார். இப்போதே செய்து காட்டுகிறேன் பார் என்று கம்ப்யூட்டரைத் திருப்பி, ‘விபத்து பற்றி நல்ல ரிப்போர்ட்’ என்று தட்டினார். யாருக்கு, எந்த விபத்து, எதற்காக, ஒன்றும் கிடையாது. அது பாவம் என்ன செய்யும்? சாலை விதிகளை மதிப்போம், தலைக்கவசம் அணிவோம் என்று மூன்று பக்கத்துக்கு எழுதித் தள்ளியது. மேனேஜர் ஒரு வரிகூடப் படிக்காமல் பிரிண்ட் பட்டனை அழுத்தப் போனார். இஸ்திரி போடுகிறவர்களுக்குத் தலைக்கவசம் எதற்கு என்று நான் கேட்டபிறகுதான் கையை எடுத்தார்.

அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்கும் புரிந்தது. அந்த வாக்குமூலத்தைக் கேட்டு வாங்கிய ஆள் கெட்டிக்கார ஆள். யார் படிக்கப் போகிறார், எந்தத் தொனி வேண்டும், எத்தனை நீளம், எதைச் சேர்க்க வேண்டும் என்று புள்ளி வைத்தாற்போல் சொல்லி வாங்கியிருக்கிறார். இந்தத் தலைக்கவச ஆசாமிக்கும் அதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

“வாக்குமூலம் இங்கதான் டைப் பண்ணுனீங்களா?” என்று அண்ணி சாதாரணமாகக் கேட்டார்.

இல்லையாம். ஆஸ்பத்திரியிலிருந்தே போனில் வந்துவிட்டதாம். மேனேஜர் பிரிண்ட் எடுத்துக் கையெழுத்துக்கு அனுப்பியதோடு சரியாம்.

வெளியே வந்து மெஷின்களை ஒரு சுற்றுப் பார்த்தோம். எல்லாம் பழைய மெஷின்கள். ஒவ்வொன்றிலும் இடதுபுறம் ஒரு சிவப்புப் பட்டன், வலதுபுறம் ஒரு சிவப்புப் பட்டன். இரண்டு கையாலும் இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் சூடான மேல்தட்டு கீழே இறங்கும். கை இரண்டும் பட்டனில் இருந்தால் தட்டுக்குள் மாட்ட வழியில்லை. யாரோ புண்ணியவான் யோசித்துச் செய்த ஏற்பாடு.

“பட்டனைப் பாரு தம்பி.”

பார்த்தேன். வலதுபுறப் பட்டன்கள் எல்லாம் உள்ளங்கை பட்டுப் பட்டுப் பெயிண்ட் போய் வழவழவென்றிருந்தன. இடதுபுறப் பட்டன்களின் நடுவில் பெயிண்ட் அப்படியே இருந்தது. விளிம்பில் மட்டும் எதையோ செருகிச் செருகி எடுத்த கீறல். எல்லா மெஷினிலும் அப்படித்தான். அதாவது அந்த ஹாலில் யாருமே இடது பட்டனைக் கையால் அழுத்தி ரொம்ப நாளாகிறது. ஆளுக்கொரு மரத்துண்டையோ எதையோ செருகி அதை அழுத்தியபடியே நிறுத்தியிருக்கிறார்கள். வலது கை பட்டனை அழுத்தும்போதே இடது கை விரிப்பைச் சரிசெய்யலாம். வேலை வேகமாக ஓடும். விபத்துக்குப் பிறகு யாரோ துண்டுகளையெல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டார்கள். கீறலை எடுக்க மறந்துவிட்டார்கள்.

“அந்தப் பொண்ணுக்கு வெந்தது எந்தக் கை?”

“இடது கைதான். மெக்கானிக் சொன்னாரே.”

“தட்டு தானா இறங்கியிருந்தா, விரிப்பை நீவுற ரெண்டு கையும்தானே மாட்டியிருக்கும்? ஒண்ணு ஏன் தப்பிச்சுது?”

வலது கை பட்டனில் இருந்ததால் தப்பியது. வால்வுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. மெக்கானிக் குற்றவாளி இல்லை என்று எனக்குத் தெளிவாகிவிட்டது. கேஸ் முடிந்தது, நல்ல இடமாகப் பார்த்துச் சாப்பிடப் போகலாம் என்றேன். அண்ணி போனை எடுத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து கீழேயே நிற்கச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, அந்த ஸ்பேனர் வரியை மறந்துவிட்டாயா என்றார்.

நான் அதை ஒரு கோமாளித்தனமாகத்தான் நினைத்திருந்தேன். ஒரு மனிதர் சாப்பிட உட்காருவதற்கு முன்பு தன் ஸ்பேனரைத் துடைத்துத் துணியில் சுற்றி எந்த அலமாரியில் வைக்கிறார் என்பது சலவை நிலையத்தில் யாருக்குத் தெரியும்? தட்டும் அலமாரியும் இருப்பது வீட்டில். சட்டென்று விஷயம் உறைத்தபோது எனக்குப் பசியே போய்விட்டது.

தீக்காய வார்டில் அந்தப் பெண் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். இடது கை தலையணை மேல் பெரிய பொட்டலம் மாதிரி உயர்ந்திருந்தது. பக்கத்து ஸ்டூலில் அவளுடைய அக்கா, மெக்கானிக்கின் மனைவி. ஒரு கையால் தங்கைக்கு விசிறிக்கொண்டே இன்னொரு கையால் போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட ஆபீஸில் வேலை. லீவு போட்டிருந்தாலும் பெற்றோருக்கு அனுப்பும் சுற்றறிக்கைகளை இங்கிருந்தபடியே ஏ.ஐ.யிடம் எழுதி வாங்கி அனுப்புகிறாராம். அண்ணி கேட்டதும் வெள்ளந்தியாகச் சொன்னார்.

அண்ணி வாக்குமூலத்தை மடியில் விரித்து, ஸ்பேனர் வரியில் விரலை வைத்தார். விசிறி நின்றுவிட்டது.

போனைக் கேட்டதும் கொடுத்துவிட்டார். மறைத்து மறைத்துக் களைத்துப்போன முகம் அது. நான் வாங்கிப் படித்தேன்.

‘நீ அனுபவமுள்ள தொழிலாளர் வக்கீல். விசாரணை அதிகாரி படிக்கப் போகிறார். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். இரக்கம் வர வேண்டும், கெஞ்சக் கூடாது. நடந்தது இதுதான். வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று மேனேஜர் எல்லோருக்கும் மரக்கட்டை வெட்டிக் கொடுத்தார். என் தங்கை அதை இடது பட்டனில் செருகியிருந்தாள். இடது பட்டனைப் பற்றி எழுதாதே. பழி மெக்கானிக் மேல் வர வேண்டும். அவர் என் கணவர். நல்ல மனிதர். சாப்பிட உட்காருவதற்கு முன்பு ஸ்பேனரைத் துடைத்துத் துணியில் சுற்றி அலமாரியில் வைப்பார். அதையும் எங்கேயாவது சேர்.’

தொழில்காரன் புத்தி பாருங்கள், முதலில் எனக்குத் தோன்றியது இதுதான்: எவ்வளவு நேர்த்தியான ப்ராம்ப்ட், ஏ.ஐ.க்கு உத்தரவு போட்டால் இப்படிப் போட வேண்டும். அடுத்த நொடி என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது. கட்டின புருஷனைக் குழியில் தள்ள இவ்வளவு ஒழுங்காக, வரிசையாக, ஒன்றையும் விடாமல்.

“எல்லா விவரமும் கொடுத்தாத்தான் ஒழுங்கா எழுதும் சார்,” என்றார் அந்த அம்மாள், நான் ஏதோ குறை சொன்னதுபோல. “பட்டன் சரியா இருந்துச்சுன்னு அதுவா சேர்த்திருந்துச்சு. நல்லதுக்குத்தானேன்னு விட்டுட்டேன்.”

விபத்து நடந்த அன்றே மேனேஜர் பழக்கூடையோடு வந்திருக்கிறார். கட்டையை வைத்தது உங்கள் தங்கை என்று தெரிந்தால் கம்பெனி கையை விரித்துவிடும், சிகிச்சையும் இல்லை, வேலையும் இல்லை என்றிருக்கிறார். வால்வு கோளாறு என்றால் எல்லாவற்றையும் கம்பெனியே பார்த்துக்கொள்ளும். வீட்டுக்காரர் கைத்தொழில் தெரிந்தவர், எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வார். தங்கச்சியா வீட்டுக்காரரா, நீங்களே முடிவு பண்ணுங்கம்மா. இப்படிச் சொல்லிவிட்டுப் பழத்தை அவரே உரித்தும் கொடுத்தாராம். கட்டையை வெட்டிக் கொடுத்த தன்னைத் தராசில் ஏற்றாமல், அக்காளையும் தங்கையையும் புருஷனையும் மட்டும் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறது அந்த ஜென்மம். சட்டைப் பையில் அவன் கொடுத்த பிஸ்கட் உறுத்தியது. எடுத்து மருந்துக் குப்பையில் எறிந்தேன்.

“அவரை ஏன் வீட்டை விட்டுத் துரத்துனீங்க?” என்றார் அண்ணி.

“வீட்டுக்குள்ள இருந்தா மூஞ்சியப் பார்த்து உண்மையச் சொல்லிடுவேன் மேடம். அதுவும் போக, அவருக்கு மெஷின் அத்துப்படி. கட்டை வச்ச விஷயத்தை அவரே வெளிய சொல்லிடுவாருன்னு பயந்தேன். முந்திக்கிட்டேன்.”

அண்ணி கண்ணாடியைக் கழற்றினார். “இன்னிக்குக் காலையில அவர்கிட்ட நேராவே கேட்டேன். வேற எதனால இறங்கியிருக்கும்னு. கட்டைங்கற வார்த்தை அவர் வாயிலேருந்து வரல. தெரியாதுன்னுட்டார். ஜெயிலுக்குப் போனாலும் போவாரே தவிர, உங்க தங்கச்சியைக் காட்டிக் கொடுக்க மாட்டார் போல.”

அந்த அம்மாள் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு குனிந்துகொண்டார்.

“அக்கா.”

படுக்கையில் கண் திறந்திருந்தது. எப்போதிலிருந்து என்று தெரியவில்லை.

“நான் கையெழுத்துப் போட்டதுல மாமா பேரா இருந்துச்சு?”

அக்காள் குனிந்தபடியே தலையை ஆட்டினார். ஊசி மயக்கத்தில், படிக்காமலேயே வாங்கிய கையெழுத்து. அந்தப் பெண் வலது கையை ஊன்றி எழுந்து உட்காரப் பார்த்தாள். முடியவில்லை. அண்ணி தாங்கிப் பிடித்தார். புது வாக்குமூலம் எழுத வேண்டும் என்றாள். நான் பழக்கதோஷத்தில் போனை எடுத்து ஏ.ஐ.யைத் திறந்துவிட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் அதை மூடிவிட்டுப் பேனாவை எடுத்தேன்.

“கட்டையை மேனேஜர் குடுத்தாரு. நான்தான் சொருகினேன். எல்லாரும் சொருகுவோம், இல்லாட்டி வேலை முடியாது. மாமா மெஷினைப் பார்க்க வர்றப்பல்லாம் கட்டையை எடுத்துப் போட்டுட்டுத் திட்டுவாரு. அவர் போனதும் திரும்பச் சொருகுவோம். அவ்வளவுதான்.”

அவ்வளவுதான் எழுதினேன். அவளே அதை இரண்டு முறை படித்துப் பார்த்து, வலது கையால் கையெழுத்துப் போட்டாள். விசாரணை அதிகாரிக்கு அண்ணி போன் போட்டு, நாளைக்கு மெஷின்களைத் தொடாமல் வைத்திருக்க உத்தரவு வேண்டும் என்று கேட்டார். இடது பட்டன் என்ற இரண்டு சொல்லைக் கேட்டதுமே அந்தப் பக்கம் ஆள் நிமிர்ந்து உட்கார்ந்தது எனக்கே தெரிந்தது. மேனேஜர் நாளைக்கு அங்கே என்ன உளறுவான் என்று யோசித்துப் பார்த்தேன். சந்தோஷமாக இல்லை. அவன் இருந்த திசையில் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது, அவ்வளவுதான்.

புறப்படும்போது திரும்பிப் பார்த்தேன். அக்காள் ஸ்டூலில் உட்கார்ந்து மறுபடியும் போனில் தட்டிக்கொண்டிருந்தார். கண்ணில் தாரை தாரையாக நீர். விரல் மட்டும் வேகமாக ஓடியது. தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். ‘என் கணவரிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு செய்தி எழுது. அவர் மனம் இளக வேண்டும். அதிக நீளம் வேண்டாம்.’

என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அண்ணி திரும்பி வந்து அந்தப் போனை மெதுவாக அவர் கையிலிருந்து எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்தார்.

“கீழதான் நிக்கிறார். நேர்ல போங்க.”

“என்ன சொல்றதுன்னே தெரியல மேடம்.”

“தெரியாமலே போங்க.”

அந்த அம்மாள் எழுந்தார். வெறுங்கையோடு படிக்கட்டை நோக்கி நடந்தார்.